முதல்நன்மைப் பந்தியில் சூரை மீன்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஸ்ரெல்லாவின் மகள் றொசாந்தி வெள்ளைக் கோட் ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கியபோது, அவள் ஏதோ மருந்துக்கடையில் நிற்கிறாள் என்றுதான் தெருவில் பலரும் நினைத்தார்கள். கேட்டவர்களுக்கு ஸ்ரெல்லா, "மீன் கொம்பனியிலை குவாலிற்றி பாக்கிறவள்" என்று சொல்லுவாள்.

"மீனைப் பாக்கிறதுக்கும் படிப்போ?" என்று சிரித்தவர்களும் இருந்தார்கள்.

அதற்கும் படிப்பு இருந்தது. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு எடுத்து, கிளிநொச்சியில் பட்டப்படிப்பு முடித்து, நீர்கொழும்பில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்கு நின்று, அங்கே சிங்களத்தில் ஏச்சு வாங்கி, சிங்களத்திலேயே பதில் சொல்லவும் பழகி வந்தவள் அவள். மீன் எந்தச் சூட்டில் கெடும், கெடும்போது அதற்குள் என்ன நடக்கும், எதைக் கண்ணால் காணலாம், எதை ஆய்வுகூடத்தில் மட்டுமே காணலாம் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வடக்குக் கடற்கரையில் ஒரு கடலுணவுத் தொழிற்சாலை தரக்கட்டுப்பாட்டு அலுவலர் வேண்டுமென்று கேட்டபோது முதல் நேர்முகத்திலேயே அவளை எடுத்துக்கொண்டார்கள். படகுகளிலிருந்து வரும் மீனை வாசலில் வைத்துப் பார்த்து, இது உள்ளே போகலாம், இது போகக்கூடாது என்று சொல்வதுதான் வேலை.

அந்த வாசலுக்கு ஒருநாள் அவளுடைய மாமா கிறிஸ்துநாயகமே மீனோடு வந்தார்.

கிறிஸ்துநாயகம் ஸ்ரெல்லாவின் தமையன். மயிலிட்டியில் பெண் எடுத்து அங்கேயே இருப்பவர். சொந்தமாக ஒரு பைபர் படகு. றொசாந்தியின் தகப்பன் செத்தபிறகு இந்த வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்தவர் அவர்தான். கிளிநொச்சி விடுதிக்கு முதல்நாள் அவளுடைய பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு போனவரும் அவர்தான். தொழிற்சாலை வாசலில் மருமகளைக் கண்டதும் பக்கத்தில் நின்றவர்களிடம், "எங்கடை பிள்ளை" என்று பெருமையாகச் சொன்னார்.

அவள் வெப்பமானியின் ஊசியை மீனுக்குள் குத்தினாள். அடுத்த மீனிலும் குத்திப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமா, இதை எடுக்க ஏலாது. ஐஸ் காணாது, சூடு ஏறிப்போச்சு" என்றாள்.

"என்னடி? நான் பிடிச்ச மீன் நாறுதோ?"

"நாறேல்லை மாமா. ஆனால் எடுக்க ஏலாது."

வரிசையில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். கிறிஸ்துநாயகம் பெட்டிகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு உயிர்த்த ஞாயிறு வந்தது, திருவிழா வந்தது. தங்கச்சி வீட்டுப் படலையை அவர் திறக்கவில்லை. ஸ்ரெல்லா வாய்விட்டு ஏசவில்லை. ஆனால் சோறு போட்டுக் கொடுக்கும்போது மகளின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஒருநாள் மட்டும், "சட்டம் சரிதான் பிள்ளை. ஆனால் அத்தினை பேருக்கு முன்னாலை அவரை அப்பிடி நிப்பாட்டியிருக்க வேண்டாம்" என்றாள்.

றொசாந்தி செய்தது சரி. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் மாமா முதுகைக் காட்டிக்கொண்டு போன காட்சியை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் காது சூடாகும்.

அவளுடைய அண்ணன் டினேஸின் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல்நன்மை வந்தது. டினேஸ் மயிலிட்டிக்கு நேரில் போய்க் கேட்டதில் கிறிஸ்துநாயகத்தின் மனம் இளகிவிட்டது. "பந்திக்கு மீன் என்ரை பொறுப்பு" என்றார். வீட்டில் எல்லாருக்கும் பாரம் இறங்கியதுபோல இருந்தது. பந்தல் போட்டார்கள். சமையலுக்குப் புத்தூரிலிருந்து கனகலிங்கம் என்பவர் வந்தார். கலியாணம், சாமத்தியவீடு, சபைக் கூட்டம் என்று எந்தச் சமயத்தாரும் கூப்பிடுகிற சமையல்காரர். சுத்தமானவர் என்று பேர் எடுத்தவர்.

மீன் விடியமுன்பே வருவதாக இருந்தது. வரவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எல்லாரும் பூசைக்குப் போய், நற்கருணை வாங்கி, படம் எடுத்து, திரும்பி வந்த பிறகும் வரவில்லை. கனகலிங்கம் தாச்சியை அடுப்பில் வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் நன்றாக ஏறிய பிறகு ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வந்து படலையில் நின்றது. பின்னால் ஈரச்சாக்கு மூடிய பெட்டிகள். கிறிஸ்துநாயகம் கண் சிவந்து, உப்புப் பூத்த சேட்டோடு இறங்கினார்.

"எஞ்சின் நடுக்கடலிலை நிண்டுபோச்சு. இழுத்துக்கொண்டு வந்து சேர விடிஞ்சிட்டுது. அறக்குளா எண்டு சொன்னனான், கிடைக்கேல்லை. சூரைதான். ஆனால் நல்ல சூரை" என்றார். சாக்கை விலக்கினார். பெட்டியின் அடியில் ஐஸ் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது.

பந்தலுக்குள் நின்ற சொந்தமெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. கிறிஸ்துநாயகம் றொசாந்தியைக் கண்டார். பல மாதங்களுக்குப் பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். எல்லாருக்கும் கேட்கும்படி, "என்ரை மருமகள் பாத்து ஓம் எண்டு சொன்னால்தான் மீன் அடுப்பிலை ஏறும். வாங்கோ மிஸ், பாருங்கோ" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அது பகிடிதான். அந்தப் பகிடியில் பழைய கோபத்தை அவர் கரைத்துவிடப் பார்க்கிறார் என்பது எல்லாருக்கும் விளங்கியது. ஸ்ரெல்லா மகளைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை.

றொசாந்தி குனிந்து ஒரு மீனின் செவிளைத் திறந்தாள். விரலை வயிற்றுக்குள் விட்டு முள்ளோடு சேர்ந்த இடத்தைத் தொட்டாள். இளஞ்சூடாக இருந்தது. மணம் ஒன்றும் பெரிதாக இல்லை. மணம் வராது என்பதும் அவளுக்குத் தெரியும். சூரை போன்ற மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அதன் தசையில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறும். கண்ணுக்கும் மூக்குக்கும் பிடிபடாது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும், எவ்வளவு பொரித்தாலும் போகாது. மீன்பிடிச் சங்கங்களுக்குப் போய் அவளே படம் காட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. வெப்பமானிகூட அவளுடைய கைப்பைக்குள் இருந்தது. கைப்பை உள்ளே கதிரையில் கிடந்தது.

"நல்ல மீன் மாமா" என்றாள்.

பிறகு அவள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எல்லா மீனிலும் நஞ்சு ஊறியிருக்காது. ஒருவேளை ஒன்றும் நடக்காது. எத்தனை வீட்டில் இதைவிட மோசமான மீனைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். இப்படி நினைத்தபடியே வந்தவர்களுக்குப் பழரசம் கொடுத்துக்கொண்டு திரிந்தாள். மீன் வந்த உடனேயே கனகலிங்கம் அதை வெட்டி, கழுவி, ஒரு பகுதியைப் பொரித்து, மற்றதைப் பிரட்டல் வைத்தார். அவருடைய கையில் எந்தத் தாமதமும் இல்லை.

பந்தியில் றொசாந்தி சோறும் கத்தரிக்காயும் மட்டும் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் பூமுடியுமாக இருந்த டினேஸின் மகளின் சாப்பாட்டுக் கோப்பையில் யாரோ ஒரு பொரித்த துண்டை வைத்துவிட்டுப் போனார்கள். றொசாந்தி அதை எடுத்துத் தன் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கி, மேலே சோற்றைத் தள்ளி மூடினாள். "முள்ளு இருக்கும் செல்லம், கோழி சாப்பிடுங்கோ" என்றாள். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தாள்.

பந்தி முடிந்து கேக் வெட்டமுன்பே ஒருவர் முகம் சிவந்து, தலை இடிக்கிறது என்றார். இன்னொருவர் வாய் எரிகிறது என்றார். பிள்ளைகள் உடம்பைச் சொறிந்துகொண்டு அழத் தொடங்கினார்கள். கிணற்றடியில் சத்தியெடுக்கிற சத்தம். றொசாந்தியோடு ஒன்றாகப் படித்த றஜனி, தொய்வு என்ற மூச்சிழுப்பு வருத்தக்காரி, வாங்கில் இருந்தபடி மூச்சுக்குத் தவித்தாள். அவளுடைய உதடு நீலம் பாய்வதைக் கண்டதும் றொசாந்தி ஓட்டோவுக்குக் கத்தினாள்.

ஆசுப்பத்திரியில் மருத்துவர் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். "சூரை மீன், டொக்டர். ஹிஸ்டமினா இருக்கும். எல்லாருக்கும் முகம் சிவந்திருக்கு" என்றாள் றொசாந்தி. மருத்துவர் உடனே தாதிகளுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? என்ன வேலை?"

"மீன் கொம்பனியிலை... தரக்கட்டுப்பாடு."

"அந்தப் பந்தியிலை நீங்களும் நிண்டனீங்களோ?"

"ஓம்."

மருத்துவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நல்லதென்று அவளுக்குத் தோன்றியது.

ஊசி போட்டதும் பலருக்கு வருத்தம் தணிந்துவிட்டது. றஜனியை மட்டும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் டினேஸ் பதறிப்போய் மிஞ்சிய மீனையெல்லாம் பந்தலுக்குப் பின்னால் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டான்.

அடுத்தநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கோபிசங்கர் வந்தார். றொசாந்திக்குத் தெரிந்தவர்தான், சங்கக் கூட்டங்களில் இரண்டுபேரும் ஒரே மேசையில் இருந்து பேசியிருக்கிறார்கள். மீன் எப்போது வந்தது என்று கேட்டார்.

"விடிய வெள்ளண வந்திட்டுது" என்றான் டினேஸ். "புது மீன். எங்கடை மாமான்ரை போட்டிலை பிடிச்சது. சமையல்காரர்தான் கனநேரம் நிலத்திலை போட்டு வைச்சிருந்தவர்."

கிறிஸ்துநாயகம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஸ்ரெல்லா றொசாந்தியின் முழங்கையைப் பிடித்திருந்தாள். கோபிசங்கர் அவள் பக்கம் திரும்பி, "மிஸ், நீங்கள் நிண்டனீங்கள்தானே. அப்பிடியோ?" என்றார்.

"நான்... வந்த ஆக்களோடை நிண்டனான் சேர். கவனிக்கேல்லை" என்றாள்.

முதல்நாள் வீட்டு வாசலில் மீனைப் பார்த்துச் சொன்ன பொய் ஒரு நொடியில் வாயிலிருந்து விழுந்தது. இந்தப் பொய்யை அவள் யோசித்து, சொல் எடுத்துச் சொன்னாள். விசாரணை முடியும்வரை எங்கும் சமைக்கப் போகவேண்டாம் என்று கனகலிங்கத்துக்குச் சொல்லப்பட்டது. அவர் ஒப்புக்கொண்டிருந்த கலியாணத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று டினேஸே வந்து சொன்னான். அந்தச் செய்தியைச் சொல்லும்போது அவன் முகமும் நன்றாக இல்லை.

றஜனியைச் சாதாரண நோயாளர் விடுதிக்கு மாற்றிய பிறகு றொசாந்தி தோடம்பழத்தோடு பார்க்கப் போனாள். றஜனி தலையணையில் சாய்ந்திருந்தாள். குரல் இன்னும் கரகரத்தது.

"நீ மீன் சாப்பிடேல்லை, என்ன?" என்றாள்.

றொசாந்தி பழப்பையை எங்கே வைப்பது என்று பார்த்தாள்.

"பிள்ளையின்ரை கோப்பையிலை இருந்ததை எடுத்து ஒளிச்சனி. நான் எதிரிலைதான் இருந்தனான். முள்ளுக்குப் பயந்து எண்டு நினைச்சன்." மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்கும் ஒரு கண் காட்டியிருக்கலாம்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். ஏதோ மறந்துபோன சிறு உதவியைச் சொல்வதுபோலச் சொன்னாள். றொசாந்தி அழவில்லை, அங்கே அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள். பழத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பஸ்ஸில் வரும்போது யார் அவளைப் பார்த்தாலும் அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பதுபோலவே இருந்தது.

அன்று பின்னேரம் கனகலிங்கம் சைக்கிளில் வந்து படலையில் நின்றார். டினேஸ் வீட்டில் இல்லை. சண்டை பிடிக்க வந்திருக்கிறார் என்று பயந்து ஸ்ரெல்லா குசினிக்குள் போய்விட்டாள். அவர் சண்டை பிடிக்கவில்லை. உள்ளே வரச் சொல்லியும் வராமல், படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, உங்களிட்டை ஒண்டு கேட்க வந்தனான். நீங்கள் உதுக்கெண்டே படிச்சனீங்கள். நான் எங்கை பிழைவிட்டனான் எண்டு சொல்லுங்கோ. மீன் வந்த கையோடை வெட்டினனான். நல்லாக் கழுவினனான். எண்ணெயும் புது எண்ணெய். ராவெல்லாம் யோசிச்சுப் பாத்திட்டன், பிடிபடேல்லை. இனி ஆரும் கூப்பிட்டால், நான் என்னத்தைத் திருத்திப்போட்டுப் போறது?"

அவர் அவளைச் சந்தேகிக்கவில்லை. அவளிடம் பாடம் கேட்க வந்திருந்தார். றொசாந்தி படலையடிக்கு வந்தாள்.

"நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை அண்ணை" என்றாள். "மீன் வரேக்கையே பழுதாப் போச்சுது. எனக்குத் தெரியும். தொட்டுப் பாத்திட்டுத்தான் நல்ல மீன் எண்டு சொன்னனான்."

கனகலிங்கத்தின் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தாள். அவர் படலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "என்னத்துக்குப் பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

"வாங்கோ, இப்பவே பீ.எச்.ஐ. கோபிசங்கர் ஐயாவிட்டைப் போவம்" என்றாள். குசினி வாசலில் நின்ற ஸ்ரெல்லா, "றொசாந்தி, மாமான்ரை பேர்..." என்று தொடங்கினாள். "என்ரை பேரைத்தான் அம்மா சொல்லப்போறன்" என்றுவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

கோபிசங்கரின் அலுவலகத்தில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: மீன் வந்த நேரம், கரைந்த ஐஸ், தொட்டபோது தெரிந்த சூடு, தான் சொன்ன சொல், புதைத்த மீன், தான் விலக்கிய துண்டு. கோபிசங்கர் எழுதிக்கொண்டே வந்தார். கடைசிச் செய்தியைக் கேட்டதும் பேனாவை நிறுத்தி, "இதையும் எழுதவோ?" என்றார்.

"எழுதுங்கோ சேர்."

கனகலிங்கம் மீதான தடை நீங்கியது. மீனை ஏற்றி இறக்குவது பற்றிக் கிறிஸ்துநாயகத்துக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். றொசாந்தி மயிலிட்டிக்குப் போனாள். மாமா கரையிலிருந்த மீன் வாடிக்கு வெளியே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் எழும்பவில்லை.

"என்ரை பேரைக் குடுத்ததுக்கு எனக்குக் கோபமில்லை" என்றார். "மீன் பழுதெண்டால் பழுதுதான். நான் தெரியாமல் கொண்டு வந்தனான். பகிடியாக் கேட்டாலும் உன்னட்டைக் கேட்டனான். நீ தெரிஞ்சுகொண்டு சாப்பிட விட்டனி."

"உங்களைத் திரும்பவும் எல்லாருக்கும் முன்னாலை..." என்று அவள் தொடங்கினாள்.

"அண்டைக்குக் கொம்பனி வாசலிலை நீ என்னை மறிச்சனி. எனக்குக் கோபம்தான். ஆனால் அண்டைக்கு நீ நேர்மையா நிண்டனி. வீட்டுக்கு வந்து மனிசியிட்டைச் சொன்னனான், அவள் கெட்டிக்காரி, ஆருக்கும் பயப்பிடாள் எண்டு." அவர் ஊசியைக் கீழே வைத்தார். "எனக்காகப் பொய் சொன்னதாலை என்னைத்தானே பிள்ளை இவ்வளவு பேருக்கு நஞ்சு குடுத்தவனாக்கினாய்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் திரும்பவும் வலையை எடுத்துக்கொண்டார். கொஞ்சநேரம் கழித்து அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அதை வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், குடிக்கவும் முடியாமல், ஆறும்வரை கையில் வைத்திருந்துவிட்டுக் குடித்தாள்.

தொழிற்சாலையில் அவள் தானாகவே போய் முகாமையாளர் கிருபைரட்ணத்திடம் சொன்னாள். வேலையை விடவும் தயார் என்றாள். அவர் மெதடிஸ்த சபைக்காரர், சத்தம் போட்டுப் பேசாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "வேலையை விட்டால் உங்களுக்குச் சுகம். எங்களுக்கு அது உதவாது" என்றார். ஆனால் வாசலில் மீன் பார்க்கும் பொறுப்பிலிருந்து அவளை எடுத்து ஆய்வுகூடத்துக்குள் விட்டார். சங்கக் கூட்டங்களுக்கு இனி வேறு ஆள் போகும் என்றார். அது தண்டனையா என்று அவள் கேட்கவில்லை. அந்த வருடம் முழுக்கக் கண்ணாடிக் குழாய்களுக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில் அவள் வேலை செய்தாள். சக ஊழியர்கள் சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கண்டதும் பேச்சை மாற்றுவார்கள். பிறகு அதுவும் குறைந்தது. கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வேலை இருப்பதாக நீர்கொழும்புத் தோழி ஒருத்தி அழைத்தாள். அங்கே அவளுடைய கதை யாருக்கும் தெரியாது. இரண்டுநாள் யோசித்தாள். தெரியாது என்பதற்காக மட்டும் போவது சரியில்லை என்று பட்டது. வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வருடம் றஜனியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஒரு பின்னேரம் றஜனியே வீட்டுக்கு வந்து அழைப்புச் சொன்னாள். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தாள். பழைய கதை எதையும் எடுக்கவில்லை. போகும்போது, "சமையல் கனகலிங்கம் அண்ணை. வாறாய்தானே?" என்றாள்.

"வாறன்" என்றாள் றொசாந்தி.

பந்தலில் கடைசி வரிசையில் இருந்தாள். கிறிஸ்துநாயகம் ஆண்கள் பக்கம் இருந்தார். ஸ்ரெல்லாவோடு பேசினார், இவள் பக்கம் பார்வை வந்தபோது தலையை மெல்ல அசைத்தார். கனகலிங்கம் அகப்பையோடு வரிசையாக வந்தவர் அவளுக்கும் மற்றவர்களுக்குப் போட்டதுபோலவே சோறு போட்டு, கறி விட்டு, "இன்னும் கொஞ்சம் விடட்டோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்.

அவளுக்குப் பின்னால் வேற்றூர்க்காரிகள் இரண்டுபேர் நின்றார்கள். ஒருத்தி மற்றவளின் காதுக்குள், "உவள்தான் அந்த மீன் காரியம்... தெரிஞ்சும் சொல்லாமல் விட்டவள்" என்றாள். குரலைத் தாழ்த்தியதாக அவள் நினைத்திருக்க வேண்டும். நன்றாகவே கேட்டது.

றொசாந்தியின் முகம் கழுத்துவரை சூடேறியது. சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் கோப்பையை எடுத்துக்கொண்டு, அந்த இரண்டு பெண்களையும் கடந்து கை கழுவப் போனாள்.